கூறையும் கேக்கும்: நிறப்பொருத்தம் பற்றிச் சில கருத்துக்கள்

கலை என்றவுடன் கவிதையையும் நாடகத்தையும் சிற்பத்தையும் நினைப்பது எமது வழக்கம். அடுக்களையிலே நிகழும் கலையைக் கலையென்று நாம் மதிப்பதில்லை; வயிற்றுப்பாட்டுக்கு உரிய தொழில் என்று ஒதுக்கி விடுகின்றோம். ஆகவே, கல்யாணக் கேக்கின் மேலே பூசப்படும் ஐசிங்குக்கு நிறங் கூட்டுவதைப் பற்றி இலக்கியத்துக்குரிய ஒரு பக்கத்திலே எழுதப் புகுந்தால், "இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகருட் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. விடையைக் கட்டுரையின் போக்கிலே சொல்ல முயல்வேன். இப்போதைக்கு ஒன்று மட்டும் கூறி வைக்கின்றேன். இரசனை என்பது புத்தகத்திலே மட்டும் வாழ்வதன்று. ஒரு சமூகம் தன் கண்ணை எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதை அறிய விரும்புகின்றவன் அதன் கல்யாண வீட்டுக்குப் போனாற் போதும்.

இன்று கல்யாண வீட்டிலே ஆட்சி செலுத்துவது 'தீம் கலர்' என்னும் புதிய அதிகாரம். மணமகளின் வரவேற்புச் சேலைக்கு ஒரு நிறம் தெரிந்து கொள்கின்றார்கள். பின்பு தோழியின் உடை, மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டி, மேடைச் சோடனை, கதிரைக்குக் கட்டும் துணி, அழைப்பிதழ், கேக்குத் துண்டை வைத்துக் கொடுக்கும் சிறு பெட்டி ஆகிய யாவும் அந்த நிறத்துக்கு அடிமையாக வேண்டும். இவற்றுள்ளே பெரும்பாலானவை கடையிலே வாங்கத் தக்கவை. துணியோடு துணியை வைத்துப் பார்த்து வாங்கலாம். பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். கேக்கு ஒன்றுதான் கையினாலே ஆக்கப்பட்டு, அன்று காலையிலே மண்டபத்துக்கு வந்து, திருத்துவதற்கு நேரமின்றி எல்லார் கண்ணுக்கும் முன்னே நிற்பது. ஆதலினால், நிறம் பற்றிய வழக்கு எழும்போது குற்றவாளிக் கூண்டில் ஏறுவதும் அதுவே.

கேக்கு எமக்குப் புதிதன்று. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பறங்கியரும் வழங்கிய அடுக்களைச் செல்வங்களுள் அதுவும் ஒன்று. முந்திரிகைப் பருப்பும் ரவையும் பூசணித் தோசியும் முட்டையும் சேர்த்து ஆக்கி, சின்னஞ் சிறு துண்டுகளாய் வெட்டி, தாளிலே சுற்றி விருந்தினருக்குக் கொடுக்கும் கல்யாணக் கேக்கு இலங்கைக்கே உரிய ஒரு பண்டமாகி விட்டது. முதலிலே கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணங்களில் இடம்பெற்று, பின்பு வரவேற்பு வைபவத்தின் வழியாகச் சைவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இதனை நான் பழிக்கவில்லை. வந்த பொருளைத் தன்னதாக்கிக் கொள்ளுதல் உயிருள்ள சமூகத்தின் இயல்பு.

அந்தக் கேக்கின் மேற்பூச்சு நெடுங்காலம் வெண்மையாகவே இருந்தது. 1840ஆம் ஆண்டிலே விக்டோறியா மகாராணியின் திருமணத்துக்கு ஆக்கப்பட்ட கேக்கு ஏறக்குறைய 300 இறாத்தல் நிறையுடையது என்பர். அவள் உடுத்ததும் வெண்பட்டு. கேக்கின் பூச்சும் வெண்மை. நன்றாகச் சுத்திகரித்த சீனி விலையுயர்ந்த பொருளாய் இருந்த காலத்திலே தூய வெள்ளைப் பூச்சு செல்வத்தின் அடையாளமாயிற்று. முட்டை வெண்கருவையும் ஐசிங் சீனியையும் அடித்து ஆக்கும் அந்தப் பூச்சு இன்றும் 'றோயல் ஐசிங்' என்றே வழங்குகின்றது. வெண்மை எல்லா நிறத்தோடும் இணங்கிப் போவது. ஆதலினால் அக்காலத்திலே நிறப்பொருத்தம் என்னும் வழக்கே எழவில்லை. இன்று வெண்மை போதாது என்கின்றார்கள். அதுவும் குற்றமன்று. ஆனால், நிறங் கேட்பவர் நிறத்தின் இயல்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே எனது வாதம்.

நான் பல ஆண்டுகள் பாடசாலைகளிலே சித்திர பாடம் படிப்பித்தவன். என் தங்கை வீட்டிலிருந்தே கேக்குச் செய்து விற்றுக் குடும்பம் நடத்துகின்றவள். நான் கரும்பலகையிலே படிப்பித்த நிறக் கோட்பாட்டை அவள் கிண்ணத்திலே படித்தவள். எங்களிருவரிலே யார் நன்றாகக் கற்றவர் என்று கேட்டால், தயங்காமல் அவள் பெயரையே சொல்வேன். அவளுடைய மேசையருகே அமர்ந்து நான் கண்டவற்றுட் சிலவற்றைக் கூறினால், இந்தத் தொழிலின் நுட்பம் வாசகருக்கு விளங்கும்.

பட்டரை அடித்து ஆக்கும் ஐசிங் வெள்ளையன்று, இளமஞ்சள். பசு தின்ற புல்லிலிருந்து வந்த மஞ்சள் அது. அதிலே நீலத்தைக் கலந்தால் வான நிறம் வருவதில்லை, பச்சை சாயும். ஆகவே, முதலிலே அந்த மஞ்சளை அடக்க வேண்டும். அதற்கு அவள் ஈர்க்கின் நுனியிலே தொட்ட ஊதாவைச் சேர்க்கின்றாள். மஞ்சள் மறைந்து வெண்மை தோன்றுகின்றது. வெள்ளை வேட்டி பழுப்பேறினால் எங்கள் தாய்மார் நீலம் போட்டு அலசினார்களே, அதே சூத்திரம். எதிர் நிறம் எதிர் நிறத்தை அடக்கும். பளிச்சென்ற றோசா நிறத்தை அடக்கமுடையதாக்க வேண்டுமாயின் அணுவளவு பச்சை. செம்மஞ்சள் கண்ணைக் குத்தினால் அணுவளவு நீலம். அழுக்கு என்று நாம் கருதும் கலப்பே நிறத்துக்குக் கண்ணியம் கொடுப்பது விந்தையன்றோ?

சிவப்பின் கதை வேறு. வெள்ளையிலே சிவப்பைக் கலந்தால் றோசா நிறமே வரும். மேலும் மேலும் கொட்டினாலும் கடும் றோசா வருமேயன்றி அரக்கு வருவதில்லை. அரக்கு வரும்வரை கொட்டினால் நாவிலே கசப்பு ஏறிவிடும். அனுபவமுள்ளவர்கள் கொக்கோ சேர்த்த மண்ணிறத்திலே தொடங்கி, அதன் மேலே சிவப்பை ஏற்றுவார்கள். ஏற்றிய பின் ஓர் இரவு மூடி வைப்பார்கள். பட்டர் ஐசிங்கிலே இட்ட நிறம் நேரம் செல்லச் செல்ல ஆழமாகும். இன்று மாலை றோசாவாய் நிற்பது நாளைக் காலை சிவப்பாய் விழிக்கும். ஆதலினால் நிறங் கூட்டுபவள் இப்போது காணும் நிறத்தையன்று, நாளை வரப்போகும் நிறத்தையே மனக் கண்ணாற் காண வேண்டும். கத்தரிப்பூ நிறமோ இதற்கு எதிரானது. அது சிவப்பும் நீலமும் கூடியது. வெளிச்சத்திலே சிவப்புக் கூறு முதலிலே வெளிறிப் போக, காலையிலே கத்தரிப்பூவாய் இருந்தது மாலையிலே வெறும் நீலமாய் நிற்பதுண்டு. இவற்றோடு எமது வெயிலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பட்டர் ஏறக்குறைய 32 பாகை செல்சியசிலே உருகிவிடும். எமது பகற்பொழுது பல நாட்களிலே அதற்குக் குறைவதில்லை. ஆகையால், வெளியூர்ப் படத்திலே காணும் பட்டர்ப் பூவை இங்கே அவ்வாறே நிறுத்தி வைத்தல் எளிதன்று.

இத்தனை கணக்கையும் மனத்திலே போட்டுச் செய்த ஒரு கேக்கு, ஒரு வரவேற்பு வைபவத்திலே பட்ட பாட்டை நான் நேரிலே கண்டேன். பெண்வீட்டார் தந்திருந்த சேலைத் துண்டை வைத்துப் பார்த்து, கத்தரிப்பூ நிறத்திலே தங்கை செய்த கேக்கு அது. மண்டபத்திலே வைத்ததும் மணமகளின் உறவினளான ஓர் அம்மையார் சேலைத் தலைப்பைப் பிடித்து வந்து கேக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, நாங்கள் தந்த நிறம் இதில்லையே. இது மண்ணெண்டு கிடக்கு" என்றார்.

"அக்கா, ஒருக்கா யன்னலடியிலை வைச்சுப் பாருங்கோ" என்றாள் தங்கை.

யன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது சேலையும் ஐசிங்கும் வேறுபாடு தெரியாதபடி ஒத்திருந்தன. மேடை விளக்கின் கீழே கொண்டு வந்ததும் மீண்டும் பிரிந்து நின்றன. அம்மையாருக்கு வியப்பு ஏற்பட்டது. ஆனால் மனம் இளகவில்லை. பேசிய தொகையிலே ஒரு பகுதி குறைக்கப்பட்டது. தங்கை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கொண்டாள். அடுத்த கல்யாணத்துக்கு அவளைச் சிபாரிசு செய்ய வேண்டியவர்களும் அவர்களே அல்லவா?

அந்த அம்மையாரின் கண் பொய் சொல்லவில்லை. தங்கையின் கையும் பொய் சொல்லவில்லை. பட்டுக்கு ஏற்றிய சாயம் வேறு, ஐசிங்குக்கு இட்ட சாயம் வேறு. இரண்டும் ஞாயிற்றின் ஒளியை ஒரே விதமாகத் திருப்பி அனுப்பினும் மின்விளக்கின் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்புதல் கூடும். ஏனெனில் ஞாயிற்றொளியிலே எல்லா நிறக் கதிர்களும் இடைவெளியின்றிக் கலந்து வருகின்றன. மண்டபத்து விளக்குகளிலே சில கதிர்கள் மிகுந்தும் சில குறைந்தும் வருகின்றன. ஓர் ஒளியிலே ஒத்தவை மற்றோர் ஒளியிலே பிரிதல் சாயத் தொழிலாளர் நெடுங்காலமாய் அறிந்த உண்மை. ஞாயிற்றொளி பல நிறங்களின் கூட்டமென்று நியூற்றன் 1704ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஒளியியல் நூலிலே விளக்கியிருந்தார். மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், பொருளுக்குள்ளே நிறம் நிலையாய்க் குடியிருக்கின்றது என்றே நாம் எண்ணிக் கொண்டிருக்கின்றோம்.

துணித்துண்டு தந்தவர்களாவது நல்லவர்கள் என்று சொல்ல வேண்டும். இன்று பலர் தருவது கைத்தொலைபேசியிலே ஒரு படம். திரை தானே ஒளியை உமிழ்வது. ஐசிங் பிறிதோர் இடத்து ஒளியை வாங்கித் திருப்புவது. திரையிலே செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று ஒளியும் கூடினால் வெண்மை பிறக்கும். கிண்ணத்திலே அம்மூன்று சாயமும் கூடினால் சேற்று நிறம் பிறக்கும். ஒன்று விளக்கின் கணக்கு, மற்றது சாயத்தின் கணக்கு. ஒரு தொலைபேசியிலே காணும் நிறம் அடுத்த தொலைபேசியிலே அவ்வாறே தோன்றுவதுமில்லை. விளக்கைக் காட்டி, "இதே மாதிரிச் சோற்றை ஆக்கித் தாருங்கள்" என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இவ்விடத்திலே பிரான்சு தேசத்து அறிஞர் ஒருவரை நினைவு கூர்தல் பொருந்தும். மிஷேல் யூஜீன் செவ்ரூல் என்பது அவர் பெயர். கொழுப்புக்களின் இரசாயனத்தை ஆராய்ந்து, 1823ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டவர்; பட்டரின் மணத்துக்குரிய அமிலத்தைப் பிரித்தறிந்தவரும் அவரே. அடுத்த ஆண்டிலே பாரிஸ் நகரத்துக் கோபலின் அரச நெசவுசாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக அமர்ந்தார். அங்கே நெசவாளரிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்யும்போது கறுப்பு நூல் சோர்ந்து தெரிகின்றதாம், ஆகவே சாயம் பழுது என்றார்கள். அவர் நூலைச் சோதித்தார். சாயத்திலே பழுது இருக்கவில்லை. பக்கத்திலே நின்ற நிறமே கறுப்பை மாற்றிக் காட்டிற்று. நிறம் தனித்து நிற்பதன்று, அயலைப் பொறுத்தே தோன்றுவது என்னும் அந்த உண்மையை 1839ஆம் ஆண்டிலே விரிவான நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய ஓவியர் பலருக்கு அந்நூல் வழிகாட்டியாயிற்று. பட்டரையும் நிறத்தையும் ஒருங்கே ஆராய்ந்த இவரைக் கேக்குச் செய்வோர் தம் குலகுருவாகக் கொண்டாலும் தகும்.

செவ்ரூல் கண்ட உண்மையை எமது கல்யாண மண்டபத்துக்குப் பொருத்திப் பாருங்கள். சேலையின் நிறத்தையே கேக்குக்கும் கதிரைக்கும் சோடனைக்கும் கொடுத்தால், எல்லாம் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மணமகள் மேடையிலே நிற்கின்றாள். ஆயினும் சுவரோடு சுவராய் நிற்கின்றாள். அதே மேடையிலே சந்தன நிறத்துக் கேக்கொன்றை நிறுத்தி, அதன் ஓரத்திலே கத்தரிப்பூ நிறத்தில் இரண்டொரு பூக்களை மட்டும் வைத்தால் சேலையும் எழுந்து நிற்கும், கேக்கும் எழுந்து நிற்கும்.

கூறைச்சேலையே இதைத்தான் படிப்பிக்கின்றது. மயிற்கழுத்து நிறம் என்கின்றோம். அது ஒரு நிறமன்று. பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுவதனால், மணமகள் அசையுந்தோறும் நீலம் பச்சையாகிப் பச்சை நீலமாகின்றது. அந்த நிறத்திலே கேக்கு வேண்டுமென்று கேட்டால், எந்த நிறத்தை என்று கொள்வது? அவள் நிற்கும்போது தோன்றும் நிறத்தையா, திரும்பும்போது தோன்றும் நிறத்தையா? நெசவாளன் ஒற்றை நிறத்தை நாடாமல் இரண்டு நிறத்தின் உறவை நாடினான். அந்த உறவே எமக்கு அழகாய்த் தோன்றுகின்றது.

இலக்கிய மாணவருக்கு இது புதிய செய்தியன்று. எதுகை என்பது யாது? பட்டு என்பதற்குக் கட்டு எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றி முதலெழுத்து வேறுபட்டது. முழுச் சொல்லும் ஒன்றாய் வந்தால் செவி இன்புறுவதில்லை. ஓரடி முழுவதும் ஒரு சொல்லே வருவதற்கு இரட்டைத் தொடை என வேறு பெயர் கொடுத்திருக்கின்றார்கள். ஆயினும் பாட்டு முழுவதையும் அதனாலேயே நிரப்பிய புலவனை நான் அறியேன். ஒன்றிய பகுதியும் வேறுபட்ட பகுதியும் கூடியதே தொடை இன்பம். தொல்காப்பியர் செய்யுளியலிலே இருபது வண்ணங்களைக் கூறினார். நிறத்துக்கும் வண்ணம் என்று பெயர். எழுத்துக்கள் விரவி நடக்கும் ஓசைக்கும் வண்ணம் என்று பெயர். தனி எழுத்தொன்று வண்ணமாவதில்லை. பல எழுத்துக்கள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவினாலேதான் வண்ணம் பிறக்கின்றது. எமது முன்னோர் இரண்டுக்கும் ஒரு சொல்லையே வழங்கியமை சிந்திக்கத் தக்கது.

பொருத்தம் என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். கல்யாணம் பேசும்போது நாம் பொருத்தம் பார்க்கின்றோம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நட்சத்திரமாய், ஒரே இராசியாய், ஒரே குணமாய் இருக்கின்றார்களா என்றா பார்க்கின்றோம்? இருவர் ஒருவருக்கொருவர் இசைந்து நடப்பார்களா என்றே பார்க்கின்றோம். மனிதருக்குப் பார்க்கும் பொருத்தத்திலே இத்தனை தெளிவுடைய நாம், மண்டபத்துக்குப் பார்க்கும் பொருத்தத்திலே மட்டும் ஒன்றாதலைப் பொருத்தம் என்று மயங்குவது ஏன்? பொருத்தம் என்பது ஒன்றாதலன்று, இசைதல். நான் சொல்ல வந்தது இதுவே.

இந்த மயக்கத்துக்கு ஒரு காரணம், நிறங்களுக்கு நாம் வழங்கிய பெயர்களை இழந்து வருவதாகும். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்தளிர், கத்தரிப்பூ, அரக்கு, சந்தனம், எலுமிச்சை மஞ்சள், வெங்காயத்தோல் நிறம் என்றெல்லாம் எம்மவர் வழங்கினர். இவை வெறும் அலங்காரச் சொற்களல்ல. சொன்னவரும் கேட்டவரும் எழுந்து சென்று கண்ணாற் காணத் தக்க பொருள்களின் பெயர்கள். ஒரு நிறப் பெயர் இருவருக்கு இடையே எழுதப்படாத உடன்படிக்கை. இன்று 'பீச்' நிறம் வேண்டுமென்று கேட்கின்றார்கள். கேட்பவளும் அந்தப் பழத்தை மரத்திலே கண்டதில்லை, செய்பவளும் கண்டதில்லை. 'பேர்கண்டி' என்பது பிரான்சிலே ஒரு பிரதேசத்தின் பெயர். அங்கே வடிக்கும் மதுவின் நிறம் அது. உடன்படிக்கையிலே கையெழுத்திட்ட இருவரும் வாசகத்தைப் படித்திராவிட்டால் பிணக்கு வராமல் என்ன செய்யும்? ஈற்றிலே இருவரும் கைத்தொலைபேசியையே சாட்சிக்கு அழைக்கின்றார்கள்; அது எத்தகைய சாட்சி என்பதை மேலே கண்டோம்.

பிறமொழிச் சொல் வேண்டாமென்று நான் வாதாடவில்லை. றோஸ் என்பதும் காக்கி என்பதும் எமது சொற்களாகி விட்டன. அவற்றின் பொருள்களும் எம்மிடையே உலவுகின்றன. நான் கேட்பதெல்லாம், சொல்லுக்குப் பின்னே ஒரு பொருள் நிற்க வேண்டும் என்பதே. "நல்லாய்ப் பழுத்த பப்பாப்பழத்தின் உட்சதை போல" என்று ஒருத்தி சொன்னால், தங்கை சந்தைக்குப் போய் ஒரு பழத்தை வாங்கி வந்து மேசையிலே வைத்துக் கொள்வாள். அது எந்தத் தொலைபேசியினும் நம்பத் தக்க சாட்சி.

இனி நாவைப் பற்றியும் உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேக்கு உண்ணும் பொருள் என்பதை நினைவூட்ட வேண்டிய காலம் வந்திருக்கின்றது. இலண்டனிலே வாழ்ந்த பிரெட்ரிக் அக்கும் என்னும் இரசாயன அறிஞர் 1820ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலொன்றிலே, மிட்டாய் செய்வோர் செம்பும் ஈயமும் கலந்த சாயங்களைக் குழந்தைகளின் தின்பண்டங்களுக்கு ஏற்றி வந்த கொடுமையை அம்பலப்படுத்தினார். 1856ஆம் ஆண்டிலே பதினெட்டு வயதுடைய வில்லியம் பேர்க்கின் மலேரியாவுக்குரிய மருந்தை ஆக்க முயன்று, நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். அவ்வழியே வந்த செயற்கைச் சாயங்கள் துணியிலிருந்து உணவுக்கும் பரவின. நஞ்சான உலோகங்களோடு ஒப்பிட்டால் இவை பெரிதும் மேலானவை. ஆயினும் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. ஐசிங்கைத் தூவெண்மையாக்கப் பயன்பட்ட தைத்தேனியம் ஈரொட்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டிலே உணவிலிருந்து விலக்கிற்று. றோசா நிறம் தரும் எரித்திரோசின் என்னும் சாயத்துக்கு அளித்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025ஆம் ஆண்டு சனவரியிலே மீட்டுக் கொண்டது. எமது நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் உண்டு. சிறிதளவு நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 'இன்னும் கடுமையாய், இன்னும் கடுமையாய்' என்று சேலையைக் காட்டி வற்புறுத்துகின்றவர், தம் விருந்தினரின் வயிற்றுக்குள்ளே எதை அனுப்புகின்றோம் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

"இப்போது மேடையிலே நிற்பது ரெஜிபோமினாலான போலிக் கேக்குத்தானே? உண்பது பெட்டியிலே வரும் துண்டுதானே?" என்று ஒருவர் மறுக்கலாம். உண்மையே. அடுக்குகள் போலி, மணமக்கள் வெட்டும் மேற்தட்டு மட்டும் பல இடங்களில் மெய்யான கேக்கு. நிறத்தை மட்டுமே வேண்டிக் கொண்டு போனால் முடிவிலே எங்கே போய்ச் சேர்வோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? உண்ண முடியாத உணவிலே போய்ச் சேர்ந்திருக்கின்றோம். மெய்யாய் எஞ்சிய அந்த ஒரு தட்டும் அரக்குச் சாயத்தினாற் கசக்குமாயின், மணமக்கள் ஒருவருக்கொருவர் ஊட்டுகின்ற முதற் கவளமே கசப்பாய் முடியும். இது நல்ல சகுனமாகுமா?

இயற்கை நிறங்களை நாடுவோரும் உண்டு. வரவேற்கத் தக்க முயற்சி. ஆனால் அதற்கும் அறிவு வேண்டும். சங்குப்பூவை ஊறவைத்த நீர் அழகிய நீலம். றோயல் ஐசிங்குக்குத் தேசிக்காய்ப் புளி விடுவது வழக்கம். அந்தப் புளி பட்டதும் நீலம் ஊதாவாகத் திரும்பிவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பு என்பது எம் பாட்டிமார் அறிந்தது. கல்யாணத் தாம்பாளத்திலேயே இந்தப் பாடம் இருக்கின்றது: பச்சை வெற்றிலையும் வெள்ளைச் சுண்ணாம்பும் பழுப்புப் பாக்கும் வாயிலே கூடினால் இவற்றுள் எதிலும் இல்லாத செம்மை பிறக்கின்றது. நிறம் பொருள்களின் கூட்டுறவிலே பிறப்பது என்பதற்கு எமது பண்பாட்டிலே இதைவிட எளிய உவமை இல்லை.

பணங் கொடுப்பவருக்குத் தாம் விரும்பியதைக் கேட்கும் உரிமை இல்லையா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. உண்டு. ஆனால், இயற்கை அனுமதியாத ஒன்றைக் கேட்டு, அது நடவாதபோது கூலியைக் குறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. வீட்டிலிருந்தபடி இத்தொழிலைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குச் சங்கமில்லை, எழுதிய ஒப்பந்தமில்லை, சீனியும் பட்டரும் முட்டையும் முன்கூட்டித் தம் காசிலேயே வாங்குகின்றார்கள். கண் விழித்த இரவுக்குக் கணக்கே இல்லை. நல்ல மனமுடையோர் செய்யத் தக்கது ஒன்றுண்டு. படத்துக்குப் பதிலாகச் சேலைத் துண்டைக் கொடுங்கள். நிறங் கூட்டிய மறுநாள் ஒரு சிறு பூச்சைப் பகல் வெளிச்சத்திலும், மண்டபத்து விளக்குக்கு ஒத்த வெளிச்சத்திலும் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள். கடும் நிறங்களைப் பூவுக்கும் ஓரத்துக்கும் விட்டு, உடலுக்கு மென்னிறம் கேளுங்கள். இசைவான நிறத்தைத் தெரியும் உரிமையைச் செய்பவளுக்கும் சிறிது கொடுங்கள். அவள் கண் உங்கள் கண்ணிலும் பழகிய கண். சம்மதம் சொன்ன பின் பேசிய தொகையை முழுதாகக் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சித்திர வகுப்பிலே மூன்று முதல் நிறங்களை மனனஞ் செய்விப்பதோடு நின்றுவிடாதீர்கள். மாணவரை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, வேப்பங் கொழுந்துக்கும் முற்றிய வேப்பிலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லால் எழுதச் சொல்லுங்கள். தமிழ் வகுப்பிலே எதுகையைக் கற்பிக்கும்போது, ஏன் முழுச் சொல்லும் ஒன்றாய் வரவில்லை என்று வினவுங்கள். அந்த மாணவர் நாளை மணமக்களாவர், பெற்றோராவர். சிலர் கேக்குச் செய்து பிழைப்பவருமாவர். நிறத்தை உறவாகக் காணப் பழகிய கண், தனக்கு முன்னே உழைத்து நிற்பவளையும் காணும். அத்தகைய கண்களை ஆக்குவது பாடசாலையின் கடமை. அதனை நினைவூட்டுவது இலக்கியத்தின் கடமை.